ரூமிக்கு ஒட்டகம், எங்களுக்குப் படகு

நான் இந்தியாவுக்கு எப்படி வந்தேன் என்று மகளிடம் சொன்னதேயில்லை. அவளும் கேட்டதில்லை. தூத்துக்குடி தாளமுத்து நகர் அகதிகள் முகாமில் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தானே, அதில் கேட்க என்ன இருக்கிறது?

கேட்க வைத்தது ஒரு படப்புத்தகம். பாரசீகக் கவிஞர் ரூமியின் சிறுவயதுக் கதை. 1207-ல் பிறந்தவர். மங்கோலியர் படையெடுப்புக் காலத்தில் அப்பா பஹாவுத்தீன் குடும்பத்தோடு பால்க் பக்கமிருந்து கிளம்பிவிட்டார். நிஷாப்பூர், பாக்தாத், மெக்கா, டமாஸ்கஸ் என்று ஆண்டுக்கணக்கில் அலைச்சல். கடைசியில் இன்றைய துருக்கியிலுள்ள கொன்யாவில் போய்த் தங்கினார்கள். அம்மா கொன்யாவைப் பார்க்கவில்லை, வழியில் லாரந்தேயிலேயே இறந்துபோனார்.

“நீங்க எதுலம்மா வந்தீங்க? ஒட்டகத்துலயா?”

“படகுல” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலேயே பழகிய வித்தை. எந்த ஊர் என்றால் தாளமுத்து நகர். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன். ‘கதைக்கிறன்’ என்று நாக்கு நுனிக்கு வருவதை ‘பேசுறேன்’ ஆக்கிவிடுவேன். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘ஐயோ பாவம்’ என்று டீச்சர்மார் தலையைத் தடவுவதைத்தான் தாங்க முடியாது.

அன்றிரவு சொன்னேன். 1990-ல் இலங்கையில் சண்டை மூண்டதும் மன்னார்க் கரையிலிருந்து புறப்பட்டோம். குண்டுகளைப் பற்றிப் பேச்சு வரவில்லை. வந்ததெல்லாம் படகு எஞ்சினின் மண்ணெண்ணெய் வாடைதான். தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகோட்டி திரும்பிவிட்டார். சுற்றிலும் கடல். வெயில் ஏற ஏற அம்மா சீலையை விரித்துப் பிடித்தாள், அந்த நிழலில் குந்தியிருந்தோம். கேனின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். மூடியில் ஊற்றி ஆளுக்கொரு மூடி. மீன்பிடிக்க வந்தவர்கள் கண்டுதான் கரை சேர்த்தார்கள். மண்டபம் முகாம் போய், பிறகு இங்கே.

“மூடியிலயா குடிச்சீங்க?” மகளுக்கு அதிலிருந்து மனம் நகரவேயில்லை. பரிதாபமில்லை, ஆச்சரியம்.

நாங்கள் படகில் கடந்த அந்தக் கடலில், மன்னார்ப் பக்கம் முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) என்றால் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளிகாரர்கள் தோணி தோணியாக வருவார்கள் என்று தாத்தா சொல்வார். இந்தக் கரையிலும் 1961 வரை முத்துக் குளித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே மன்னார் வளைகுடாதான். அவர்கள் அங்கே வந்தபோது குளிகாரர், நாங்கள் இங்கே வந்தபோது அகதி.

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ரூமியின் அலைச்சல் கொன்யாவில் முடிந்துவிடுகிறது. இன்று ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி மூன்றும் ‘எங்கள் கவிஞர்’ என்கின்றன. இங்கேயோ, 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருந்தால்தான் பிறந்ததாலேயே குடியுரிமை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் அதை வைத்து வழக்காடி, 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். தூத்துக்குடியிலேயே பிறந்த என் மகளுக்கு அந்த வழியும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டுகிறேன். ஒட்டகப் படத்தைத் தாண்டிப் போவதில்லை. “உங்க ஆச்சி எதுல வந்தா?” என்று கேட்டால் போதும், பிள்ளைகள் ஓடிப்போய் ஆச்சிமாரையே கூட்டிவந்துவிடுகிறார்கள். போன வாரம் படகுக்கூலியில் தொடங்கியது சண்டை. தன் கூலியைத் தானே கொடுத்ததாக ஓர் ஆச்சி சொல்ல, இன்னோர் ஆச்சி எழும்பிவிட்டார்:

“நீ எங்கயடி குடுத்தனீ? உன்ர கூலிக்கும் என்ர தோட்டையெல்லோ கழட்டிக் குடுத்தனான்!”