பட்டறையைக் கட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொன்ன பெரியவர்கள் பட்டறையை லிஸ்டில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் காலத்தில் டிராக்டர் இல்லை, அதனால் மன்னிக்கலாம் :-)

எங்கள் காலேஜில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒரு சிறப்பு விருந்தினர் வந்து கராஜ் கதை சொல்வார். 1939-ல் ஹியூலெட்டும் பேக்கார்டும் கலிஃபோர்னியாவில் ஒரு வாடகை வீட்டு கராஜில் கம்பெனி ஆரம்பித்தார்கள், கையிலிருந்த முதல் 538 டாலர், அதனால் நீங்களும்... என்று போகும். நாங்களும் கை தட்டுவோம். அந்த கராஜின் அளவு 12-க்கு 18 அடி, அதாவது 216 சதுர அடி. அப்பா கட்டிய பட்டறை 30-க்கு 50, அதாவது 1500 சதுர அடி. அவர்களுடையதைப் போல ஏழு மடங்கு! ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அவர்களுக்கு கராஜ் ஏற்கெனவே கட்டி இருந்தது. தரை போட்டது யார், கூரை எவ்வளவு ஆச்சு, மழை வந்தால் தண்ணி எங்கே போச்சு என்றெல்லாம் அந்தக் கதைகளில் வராது. இங்கே நான் சொல்லப்போவது அந்த வராத பகுதி மட்டும்தான்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் சுமார் 40 கிலோமீட்டர். பழைய ஆட்களுக்கு என்.ஹெச். 45 என்றால்தான் புரியும். அந்த ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, விக்கிரவாண்டி பக்கத்தில் எங்கள் ஊர். கரும்பு, நெல், மணிலா (வெளியூர் நண்பர்களுக்கு: வேர்க்கடலை!). கரும்பு சீசனில் முண்டியம்பாக்கம் ஆலைக்கு டிராக்டர்கள் வரிசையாகப் போகும். அவற்றில் சில வழியில் நின்றுவிடும். அப்படி நிற்பவைதான் எங்கள் சாப்பாடு.

அப்பா 26 வருஷம் இன்னொருவர் பட்டறையில் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தமாக ஒன்று கட்டுவது என்று 2022 தீபாவளிக்கு முடிவு செய்தார். பணம்? தாத்தா வழியில் வந்த 30 சென்ட் நிலம் விற்றது, அம்மாவின் நகை, ஒரு சீட்டு, ஒரு கடன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏங்க, நாம படுக்கற வீடு இன்னும் கல்நார் ஷீட்டுல ஒழுவுது. டிராக்டருக்கு மட்டும் புது கூரையா?"

அப்பாவிடம் பதில் இல்லை. "பட்டறை சம்பாதிச்சி வீட்டைக் கட்டும். வீடு சம்பாதிச்சி பட்டறையைக் கட்டாது" என்று ரெண்டு நாள் கழித்து சொன்னார். ரெண்டு நாள் யோசித்திருக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

2023 தை மாசம் பூமி பூஜை. அடுத்த வாரமே சண்டை. மேஸ்திரிக்கும் அப்பாவுக்கும். பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதுதான் விவகாரம்.

மேஸ்திரி: "அண்ணே, மூணு அடி தூக்கிடலாம். ரோடு போடுறப்பல்லாம் மேல மேலதான் போடுறான். பக்கத்துலயே ஓடை. நாளைக்குத் தண்ணி வந்தா உங்க லேத்துதான் முதல்ல குளிக்கும்."

அப்பா: "மேஸ்திரி, எங்கிட்ட வர்ற வண்டி ஓடிக்கிட்டா வருது? செத்த வண்டியை நாலு பேரு தள்ளிக்கிட்டு வருவான். மூணு அடி மேடு ஏத்த ஆள் எங்க இருக்கு? ஒன்றரை அடி போதும்."

ரெண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் கஷ்டம்.

அப்போது நான் முதல் வருஷம் மெக்கானிக்கல். சாய்தளக் கணக்கு அப்போதுதான் படித்திருந்தேன். வீட்டில் என் படிப்பு உபயோகப்பட்ட முதல் நாள் அதுதான், அதனால் விவரமாகவே சொல்கிறேன். சரிவுக்கு எங்களுக்கு இருந்த இடம் 24 அடி. மூணு அடி உயரம் என்றால் 8-க்கு 1 சரிவு. 2000 கிலோ டிராக்டரை அதில் ஏற்ற, உராய்வை விட்டுவிட்டாலே சுமார் 250 கிலோ விசையில் தள்ள வேண்டும். ஒன்றரை அடி என்றால் 16-க்கு 1, அதாவது 125 கிலோ. பாதி! அப்பா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

கணக்கை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அப்பா சொன்னார், "250 தானா? அப்ப தள்ள வேணாம், இழுக்கலாம்." பின்சுவர் பக்கத்து தூண் அடியில், கான்கிரீட் போடும்போதே ஒரு கனமான கொக்கியைப் புதைத்துவிட்டால், செயின் பிளாக் மாட்டி ஒரே ஆள் உள்ளே இழுத்துவிடலாம். சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்துக்கொண்டே வர ஒரு பையன் போதும் (அந்தப் பையன் யார் என்று சொல்லத் தேவையில்லை). பேஸ்மட்டம் மூணு அடி என்று முடிவானது.

மூணு அடி என்று சொல்வது சுலபம். 1500 சதுர அடியை மூணு அடி நிரப்ப 4500 கன அடி மண். யூனிட் கணக்கில் 45. திமிசு போட்டு இறுக்கினால் அமுங்கும், அதனால் பத்து யூனிட் சேர்த்தே வாங்கினோம். நிலம் களிமண் கலந்தது. வெயிலில் பிளக்கும், மழையில் உப்பும். அதனால் காலம் குழிகளை அஞ்சு அடி ஆழம் எடுத்து, அடியில் மணல் போட்டு, மேலே எல்லாத் தூணையும் சேர்த்து ஒரு பெல்ட் பீம். கிராவலை ஒரேயடியாகக் கொட்டாமல் முக்கால் அடிக்கு ஒரு தடவை தண்ணி விட்டு இறுக்கினார்கள். இங்கே அவசரப்பட்டால் ஒரே வருஷத்தில் தரை உள்வாங்கும் என்று மேஸ்திரி தினமும் சொல்வார்.

தரை 6 அங்குலம். கலவை 1-க்கு 1½-க்கு 3. கணக்குப் போட்டால் 750 கன அடி கான்கிரீட், ஏறக்குறைய 170 மூட்டை சிமென்ட். ஜல்லியும் எம்-சாண்டும் திண்டிவனம் பக்கத்து குவாரியிலிருந்து வந்தன. லேத் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு அடி கனத்துக்குத் தனி மேடை, சுற்றி ஒரு இடைவெளி விட்டு. பக்கத்தில் சம்மட்டி அடித்தால் அதிர்வு லேத்துக்குப் போகக்கூடாது, போனால் கடைசல் சுத்தமாக வராது. பிறகு பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தினோம். தினமும் சாயங்காலம் காலேஜ் விட்டு வந்து ஹோஸ் பிடிப்பது என் வேலை. மேஸ்திரி 14 நாள் என்றார், அப்பா 21 நாள் ஆக்கினார்.

அடுத்தது குழி. வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய 15 அடி நீளம், 3 அடி அகலம், 4½ அடி ஆழம். தரையே மூணு அடி உயரத்தில் இருப்பதால் நிலத்தில் தோண்டியது ஒன்றரை அடிதான். இந்தக் குழியில் அப்பா வைத்த சட்டங்கள்: பெட்ரோல் டேங்க்கை அதற்கு மேல் கழற்றக்கூடாது, ஸ்விட்ச் எதுவும் உள்ளே வரக்கூடாது, கை விளக்கு 24 வோல்ட்தான். காரணம் எளிது. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம். வெளியே போகாமல் தண்ணி மாதிரி வந்து குழியில் தேங்கும். மேலே நிற்பவனுக்கு வாசனை தெரியாமலே இருக்கலாம். கீழே ஒரு பொறி போதும்.

கூரைக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. அப்போது அப்பா வேலை பார்த்த இடத்தில் பாதி ஷீட் பறந்து பக்கத்து வயலில் கிடந்தது. அப்பா அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஷீட் நடுவில் பிய்வதில்லை, ஓரத்திலும் மூலையிலும்தான் முதலில் தூக்கும். அதனால் எங்கள் கூரையில் ஓரம் முழுக்க ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு ஸ்க்ரூ, நடுவில் மட்டும் இடைவெளி. இன்னொன்று, முன்பக்கம் பெரிய ஷட்டர் திறந்து மற்ற மூணு பக்கமும் மூடியிருந்தால், உள்ளே புகும் காற்று வெளியேற வழியில்லாமல் கூரையை அடியிலிருந்து தள்ளும். அதற்காக எதிர்ச்சுவரில் மேலே வரிசையாக ஜாலி கல். கோடையில் அனலும் அதே வழியில் வெளியேறுகிறது.

ஷட்டர் அகலம் 14 அடி. 12 போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் அப்பாவுக்கு ஹென்றி ஃபோர்ட் கதையைச் சொன்னேன். 1896 ஜூன் மாசம் டெட்ராய்டில் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த செங்கல் கொட்டகையில் முதல் வண்டியைச் செய்து முடித்தார். வெளியே எடுக்கப் பார்த்தால் கதவு பத்தவில்லை! கோடரியை எடுத்து சுவரை இடித்துத்தான் வண்டியை வெளியே கொண்டு வந்தார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அவரு இடிச்சது சரி, வாடகை வீட்டுக்காரன் சும்மா விட்டானா?" என்று கேட்டார். காலேஜில் எந்த விருந்தினரிடமும் நாங்கள் கேட்காத கேள்வி.

மும்முனை மின்சாரம் தனி இணைப்பாக வாங்கினோம். வீட்டு இணைப்பில் ஒயர் இழுத்துப் பட்டறை ஓட்டினால் மாட்டிக்கொள்ளும் சமாச்சாரம், அதைத் தவிர வெல்டிங் செட் போட்ட உடனே வீட்டு லைட் மங்கும். கரியும் உப்பும் போட்டு எர்த் குழி ரெண்டு. செகண்ட் ஹேண்டில் 6 அடி லேத் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது. 2023 அக்டோபர் ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு வைத்தாயிற்று.

இது வரைக்கும் சந்தோஷக் கதை. கடன் தவணை மட்டும் மாசம் தவறாமல் வந்தது. முதல் வருஷம் வந்த வருமானம் தவணைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. வீட்டுக் கூரை அப்படியே ஒழுகியது. அம்மா பக்கெட் வைக்கும் சத்தம் கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறி, அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அந்த மழை எங்கள் பட்டறைக் கூரை மேல் பெய்தால் எவ்வளவு என்று பின்னால் கணக்குப் போட்டேன்: சுமார் 70 ஆயிரம் லிட்டர். டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயிலையே நிறுத்தினார்கள்.

எங்கள் ஓடை முதல் ராத்திரியே மேலே வந்துவிட்டது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணி. அரிசி மூட்டை, சர்டிஃபிகேட், பீரோவில் இருந்த துணி எல்லாவற்றையும் பட்டறைக்கு மாற்றினோம். பக்கத்துத் தெருவிலிருந்து நாலு குடும்பம், பதினோரு ஆடு, ஒரு தையல் மெஷின். லேத்துக்கும் டிராக்டருக்கும் நடுவில் தார்பாய் விரித்துப் படுத்தோம். ஆடுகள் குழியில் விழாமல் இருக்க அதன் மேல் பலகை போட்டார் அப்பா.

காலையில் பார்த்தால் சரிவுக்குப் பக்கத்தில் தண்ணி 28 அங்குலம் நின்றது. பட்டறைத் தரைக்கு எட்ட இன்னும் 8 அங்குலம். ஒன்றரை அடி பேஸ்மட்டமாக இருந்தால்? 18 போக 10 அங்குலம் உள்ளே நின்றிருக்கும், மோட்டார், கியர் பாக்ஸ் எல்லாம் சேர்த்து. குழியில் மட்டும் அடியிலிருந்து ஊறி கணுக்கால் அளவு தண்ணி. ஒரு ஷீட் கூட நகரவில்லை.

அம்மா கல் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் கஞ்சி வைத்தார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு அப்பாவிடம், "டிராக்டர் நல்லாத்தான் வாழுது" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று எங்களுக்கு இன்று வரை தெரியாது. அப்பா கஞ்சியைக் குடித்தார்.

தண்ணி வடிய ரெண்டு நாள். அதற்கப்புறம் வேலை கொட்டியது. வெள்ளத்தில் முழுகிய இன்ஜின்கள், மோட்டார் பம்புகள், பைக்குகள். தண்ணி புகுந்த இன்ஜினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், ஏனென்றால் தண்ணியை அமுக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் பிரித்து, ஆயில் மாற்றி, காய வைத்துத்தான் தர வேண்டும். நஷ்டப்பட்டவர்களிடம் அப்பா சாமான் விலை மட்டும் வாங்கினார், கூலியை அறுவடைக்கு எழுதி வைத்தார். அந்த நோட்டில் இன்னும் சில பேர் பாக்கி. அப்பா அதைப் புரட்டுவதில்லை, அம்மா புரட்டுவார்.

இப்போது வீட்டின் முறை. சீட்டுப் பணமும் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது, மீதிக்கு வழி பார்க்க வேண்டும். பழைய வீட்டை இடித்துக் கட்டுவதா, மேலே தூக்குவதா என்று பேச்சு ஓடுகிறது. வாஸ்து பார்ப்பவர் வாசலைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டறைத் தரையில் டியூப் மட்டத்தின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, இன்னொரு முனையை வீட்டுச் சுவர் வரை தானே இழுத்துப் போய்த் தண்ணி நின்ற இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டார்.

"வாசல் எந்தப் பக்கம் வேணா வைங்க. தரை இந்தக் கோட்டுக்குக் கீழ வரக்கூடாது."

மேஸ்திரி இந்த வாரம் வந்து அளவு எடுக்கிறார்.