குடியேறுமுன் ஒரு மழைக்காலம்

தமிழில் ‘ஊர்’ என்னும் சொல்லுக்குள்ள நெருக்கம் ‘நகர்’ என்னும் சொல்லுக்கு வாய்க்கவில்லை. நகரில் இருக்கிறோம் என்போம். ஊருக்குப் போகிறோம் என்போம். சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகை வீடுகளில் வாழ்ந்த பின்னரும் எங்கள் தாயார் இராயபுரத்தை ஊர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு ஊர் என்பது, 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய பழவேற்காடு ஒன்றே. ஆகவே, இனி நிலையாக வாழ்வதற்கு உரிய இடம் எது என்னும் வினா எங்கள் இல்லத்தில் எழுந்தபோது, வீடு பார்ப்பது ஊர் தேடுவதாகவே ஆயிற்று.

வினா எழுந்ததற்குக் காரணங்கள் பெரியவையல்ல. இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம்; தாயாருக்கு மூட்டுவலி. மகள் மேல்நிலை இரண்டாம் ஆண்டிலும் மகன் ஆறாம் வகுப்பிலும் பயில்கின்றனர். இருவருக்கும் ஒரே மேசை. வீட்டு உரிமையாளர் ஆண்டுதோறும் வாடகையை உயர்த்துகிறார். வேறு வீடு தேடிச் சென்றால், பெயரைக் கேட்ட அளவிலே ‘நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்’ என்னும் மறுமொழி சில வாயில்களில் கிடைக்கும். இதனை நம் சமுதாயத்தார் பலரும் அறிவர், விரித்துரைக்க வேண்டுவதில்லை. சேமிப்பாகக் கையில் இருக்கும் தொகை ஒரே ஒரு முறை செலவழிப்பதற்குப் போதுமானது. இரண்டாம் முறை தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு ஆசிரியர் குடும்பத்திற்கு இல்லை.

அவ்வாறு தேடியபொழுது முதலில் நினைவுக்கு வந்தது பொன்னேரி. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், ஆரணியாற்றங்கரையில் அமைந்த வட்டத் தலைநகர் அது. பழவேற்காட்டிற்குச் செல்வோர் இரயிலை விட்டிறங்கிப் பேருந்து ஏறும் இடமும் அதுவே. எங்கள் தாயார் மணமாகி வந்த வழியும் அதுதான். சித்திரைத் திங்களில் அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் எதிரெதிரே வந்து சந்திக்கும் விழாவினைத் தம் சிறுவயதில் பார்த்ததாக அவர் இன்றும் கூறுவார். அரசு கலைக் கல்லூரி உண்டு. மீன்வளக் கல்லூரி உண்டு. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. கிழக்கே காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்கள். தெற்கே மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை செல்லும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. 2022-இல் சென்னைப் பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டபொழுது பொன்னேரிப் பகுதியும் அதனுள் அடங்கிற்று. பேரூராட்சியாக இருந்த ஊர் இன்று நகராட்சி. வளரும் ஊர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில்தான் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2014 சூலையில் மத்திய நிதிநிலை அறிக்கையில், சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் மூன்று புதிய பொலிவுறு நகரங்கள் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பொன்னேரி, ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டினம், கருநாடகத்தில் துமகூரு என்பன அவை. அவ்வறிவிப்பு வந்த நாள் தொட்டு, நெல் விளைந்த வயல்களின் ஓரத்தில் வண்ணக் கொடிகளும் வரவேற்பு வளைவுகளும் எழுந்தன. ஆனால் 2020 திசம்பரில் மத்திய அமைச்சரவை கட்டுமானத்திற்கு ஒப்புதல் அளித்தபோது கிருஷ்ணபட்டினமும் துமகூருவுமே அதில் இடம்பெற்றன, பொன்னேரி இடம்பெறவில்லை. அறிவிக்கப்பட்ட நகரம் எழவில்லை. அதனை நம்பி ஏறிய மனை விலை மட்டும் இறங்கவில்லை. எங்களுக்கு இடம் காட்ட வந்த மனைத் தரகர் இன்றும் ‘சுமார்ட் சிட்டி சார்’ என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

இப்னு கல்தூன் என்னும் வரலாற்றுப் பேரறிஞர் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’ என்னும் நூலில், நகரம் அமைப்போர் முன்கூட்டியே நோக்க வேண்டுவன எவை என்று ஆராய்கிறார். நோயற்ற காற்று, நன்னீர், மேய்ச்சல் நிலம், அண்மையில் விளைவயல், விறகு என அடுக்கிச் செல்லும் அவர், கூபா, பசுரா, கைரவான் ஆகிய நகரங்களை அமைத்தோர் தம் ஒட்டகங்களுக்கு மேய்ச்சல் உண்டா என்பதை மட்டுமே பார்த்தனர். மனிதருக்கு வேண்டிய நீரையும் பிறவற்றையும் பார்க்கவில்லை என்று கடிந்துரைக்கிறார். நம் வள்ளுவரும் நாட்டிற்கு உறுப்புகள் எவை எனக் கூறுமிடத்து நீரையே முதற்கண் வைத்தார். மலையும் அரணும் அதன் பின்னரே வருகின்றன. இற்றை நாளில் மனை வாங்குவோர் விலை ஏறுமா என்ற ஒன்றையே பார்க்கின்றனர். ஒட்டகத்திற்கு மேய்ச்சல் பார்த்தவர்களுக்கும் இவர்களுக்கும் மிகுந்த வேறுபாடு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

நீரை முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தவர் எங்கள் துணைவியார். அவர் கையாண்ட முறை எளியது. பார்க்கச் சென்ற ஒவ்வோர் இடத்திலும் அண்டை வீட்டாரிடம் ஒரு குப்பி ஆழ்துளைக் கிணற்று நீர் கேட்டு வாங்கி வந்தார். வீட்டில் அந்நீரில் துவரம்பருப்பை வேகவைத்தார். மீஞ்சூர்ப் பக்கத்து நீரில் பருப்பு ஒரு மணி நேரமாகியும் மசியவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. தாயாருக்குச் சோதனையே வேண்டியதில்லை. உப்பங்கழியின் கரையில் பிறந்தவர் அவர். நாவின் நுனியில் ஒரு துளி வைத்த அளவில் ‘கரிக்குது’ என்று கூறிவிட்டார்.

அது ஏன் கரிக்கிறது என்பது மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும். ஆரணியாற்றுக்கும் கொசத்தலையாற்றுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தடியில் இயற்கை தேக்கி வைத்திருந்த நன்னீரைச் சென்னையின் தாகம் தீர்ப்பதற்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்துப் பல்லாண்டுகளாக இறைத்தனர். உழவும் ஆலைகளும் தம் பங்கிற்கு இறைத்தன. நன்னீரின் மட்டம் தாழ்ந்தால் அது கடலை எதிர்த்துத் தள்ளும் வலிமையை இழந்துவிடும். கடல்நீர் மண்ணுக்கடியிலேயே உள்ளே நகரும். 1960-களின் பிற்பகுதியிலேயே மீஞ்சூரில் தென்பட்ட இந்நிகழ்ச்சி, பின்னர்ப் பல கிலோமீட்டர் தொலைவு மேற்கே பரவிற்று. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. அந்நீரும் சென்னைக்கே சென்றது. நகரின் தாகம் தீர்த்த ஊர்களின் கிணறுகள் இன்று கரிக்கின்றன. இராயபுரத்தில் குழாயைத் திறக்கும்பொழுது இதனை நாங்கள் நினைத்ததில்லை. நினைக்கும்படி எவரும் சொன்னதுமில்லை. பொன்னேரி நகரின் பழைய தெருக்களிலோ, ஆற்றின் ஊட்டம் இருப்பதாலோ என்னவோ, நாங்கள் கொணர்ந்த நீரில் பருப்பு வெந்தது. ஆற்றை விட்டு விலகிய புது மனைப்பிரிவு ஒன்றின் நீர் நடுத்தரம்.

வரும் நீரைப் பார்த்தாயிற்று. போகும் நீரைப் பார்க்க வேண்டாமோ? ஆரணியாறு ஆந்திர மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பொன்னேரியை அடைந்து பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இவ்வாறு, ஐப்பசி கார்த்திகையில் பிச்சாட்டூர் மதகுகள் திறக்கப்பட்டால் ஓரிரு நாளில் உருமாறிவிடும். 2015-ஆம் ஆண்டு மழையிலும், 2021 நவம்பரிலும், 2023 திசம்பரில் ‘மிக்சாம்’ புயலின்போதும் அதன் கரையோர ஊர்கள் பட்ட பாட்டினைச் செய்தித்தாள்கள் எழுதின. ஆற்றின் குற்றம் அன்று அது. ஆற்றுக்கும் ஏரிக்கும் இடையே நீர் பரவி வடிவதற்கென இருந்த தாழ்நிலங்களில் மண்ணடித்து மேடாக்கி மனைகளாக்கினால், ஒரு மனைப்பிரிவு உயர உயர அடுத்த தெரு குளமாகும். மேலும் கிழக்கே, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டுப் பழவேற்காட்டு மீனவர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்துள்ளது. வெள்ளம் வடியும் வாய் அடைபடும் என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. தாயாரின் உறவினர் வீடுகளில் இதனைப் பற்றிப் பேசாத நாளில்லை.

தரகர் காட்டிய மனை பங்குனி வெயிலில் மிக அழகாக இருந்தது. முப்பதடிச் சாலை, மஞ்சள் வண்ணம் பூசிய எல்லைக் கற்கள், பூங்காவிற்கென ஒதுக்கிய இடத்தில் இரண்டு கொன்றை மரக்கன்றுகள். ஓரத்து வரப்பில் மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், தரகர் கைப்பேசியில் பேசியவாறு அப்பால் சென்ற வேளை பார்த்து எங்களருகே வந்தார். “பாய், வாங்கறதுக்கு முன்னாடி கார்த்திகைல ஒரு தபா வந்து பாரு. இங்க நாத்து நடச்சொல்ல முட்டிக்கால் தண்ணி நிக்கும்” என்றார். தம் முழங்காலைத் தொட்டும் காட்டினார். அவர் சொல்லியது ஒரு வாக்கியம். எந்த விளம்பரத் தாளிலும் அது அச்சாகவில்லை.

பின்னர் ஆவணங்களைப் பார்த்தோம். அ-பதிவேட்டில் அந்நிலம் நஞ்சை என்றே இருந்தது. புலப்பட நகலில் மனைப்பிரிவின் மேற்கே ஒரு வாய்க்கால் ஓடிற்று; தரையில் அவ்வாய்க்கால் இருக்கும் இடத்தில் ஒரு மதில் நின்றது. வில்லங்கச் சான்று தூய்மையாக இருந்தது என்பதும் உண்மை. வில்லங்கச் சான்று விற்பனையையும் அடைமானத்தையும் காட்டும், வாய்க்காலைக் காட்டாது. மனை வாங்கும் எண்ணமுடைய மாணவர் பெற்றோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பொறுத்தவரை, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் வகுத்தது. ஆனால் வரன்முறைப்படுத்திய தாள் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தாது.

இரயிலைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். கும்மிடிப்பூண்டி வழித்தடத்திலிருந்து நாள்தோறும் எங்கள் வகுப்புக்கு வரும் மாணவர்கள் சிலர் உளர். அவர்களே எங்களுக்கு ஆசிரியர்களாக அமைந்தனர். சென்ட்ரலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது காலையில் உண்மை. மாலையில், சரக்கு வண்டிக்கும் விரைவு வண்டிக்கும் வழிவிட்டு எண்ணூரிலோ அத்திப்பட்டிலோ நிற்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றனர். 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் விரைவு வண்டி ஒன்று நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிய செய்தி தாயார் மனத்தில் இன்னும் இருக்கிறது. மகளோ, பெண்கள் பெட்டியில் கூட்டத்தோடு வருவதில் அச்சமில்லை, நிலையத்திலிருந்து வீடு வரை இரவு எட்டு மணிக்கு விளக்கெரியுமா என்பதே தன் கேள்வி என்றாள். ஓர் இரவு அவளையும் அழைத்துச் சென்று நடந்து பார்த்தோம். பழைய தெருக்களில் கடைகள் திறந்திருந்தன. புது மனைப்பிரிவுக்குச் செல்லும் சாலையில் நாய்களைத் தவிர வேறெவரும் இல்லை.

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு செய்தி. ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் வேண்டும், மகனுக்கு மதரஸா வேண்டும் என்பவற்றை எல்லாரும் நினைப்பர். ஜமாஅத்தில் பெயர் இருத்தல் வேண்டும் என்பதைத் திருமணம் பேசும் நாளிலோ ஜனாஸா எடுக்கும் நாளிலோதான் பலர் நினைக்கின்றனர். நகரின் புறத்தே புதுமனையில் தனித்துக் குடியேறிய குடும்பங்கள், ஒரு மரணம் நேர்ந்த இரவில் எந்த மையவாடியைக் கேட்பது என்று அலைந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே பொன்னேரியில் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரைச் சந்தித்துப் பேசினோம். ‘வந்து குடியிருங்கள், சந்தா கட்டுங்கள், ஓராண்டு பழகுவோம், பிறகு பெயர் தானாக ஏறும்’ என்றார். மனை விலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் தாயாரின் தந்தை பழவேற்காட்டில் எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார். வீடு திரும்பி நாங்கள் எல்லாவற்றையும் எடுத்துரைத்தபோது, பருப்பையும் வாய்க்காலையும் இரயிலையும் பொறுமையாகக் கேட்டிருந்த தாயார் இறுதியில், “ஏம்பா, மையவாடிக்கு நடந்து போற தூரந்தானே?” என்றார். நடக்கும் தூரம்தான் என்றோம். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

மனை வாங்குவதில்லை என்று இப்போதைக்கு முடிவு செய்துள்ளோம். பொன்னேரியின் பழைய பகுதியில், சற்று மேடான தெருவில், கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் கொண்ட வீடு ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். உரிமையாளர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். எங்கள் பெயரைக் கேட்ட பின்னரும் அவர் கேட்டது, ‘எத்தனை பேர்? மோட்டார் காலையில் அரை மணி நேரந்தான் ஓடும், போதுமா?’ என்பதே. சென்ற மழையில் நீர் எவ்வளவு ஏறிற்று என்று நாங்கள் வினவியபொழுது, தயங்காமல் வாயிற்படியின் இரண்டாம் படியைச் சுட்டிக் காட்டினார். வீட்டினுள் வரவில்லை என்றார். அண்டை வீட்டார் இருவரும் அவ்வாறே கூறினர்.

மகளின் பொதுத்தேர்வு முடிந்து, வைகாசியில் சாவி கிடைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை அங்கிருந்தவாறே மழையையும் ஆற்றையும் கல்லூரிக்குச் சென்று மீளும் நேரத்தையும் பார்ப்பது என்பது ஏற்பாடு. மகன் பழைய பள்ளித் தோழர்களைப் பிரிய வேண்டும் என்பதால் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு எங்களிடம் விடை இல்லை. மனைத் தரகர் வாரம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, விலை ஏறப்போகிறது என்கிறார். கார்த்திகையில் அந்த மனையை மறுபடியும் வந்து பார்ப்பதாகவும், அவரும் உடன் வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறோம்.