ஃபுஜைராக் கடலில் ஒரு பகல்

கடலோர ஊரில் பிறந்தவர் எல்லாரும் கடலை அறிந்தவர் அல்லர். கீழக்கரையில் பிறந்த எங்களுக்குக் கடல் என்பது அஸருக்குப் பின் ஜெட்டிப் பாலத்தில் அமர்ந்து காற்று வாங்கும் இடம், அவ்வளவே. முன்னோர் மரக்கலம் செலுத்தினர், சங்கும் முத்தும் குளித்தனர் என்று பெருமை பேசுவோம். ஆனால் உடன்பிறந்த எங்கள் இருவரில் எவரும் கரையை விட்டு நூறு முழம் அப்பால் சென்றதில்லை. துடுப்புப் பிடிக்க வாய்த்ததும் ஊரில் அன்று. அமீரகத்தின் கிழக்குக் கரையில், ஃபுஜைராவில்.

அழைத்துச் சென்றவர் எங்கள் ஊர்க்காரரே. ஷார்ஜாவில் எங்களோடு ஒரே அறையில் வசிப்பவர். காக்கா என்றே அழைப்போம். அவருடைய பாட்டனார் சங்கு குளித்தவர். பேரனோ 23 ஆண்டுகளாகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுகிறார். வரும் மாதம் பணி முடித்து ஊர் திரும்புகிறார். விடுமுறை நாள்களில் காயக்கில் சென்று மீன் பிடிப்பது ஆறு ஆண்டுப் பழக்கம். போவதற்கு முன் ஒருமுறை எங்களையும் கடலில் இறக்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டு, ஃபஜ்ருக்கு அல் பிதியா பள்ளிவாசலை அடைந்தோம். அமீரகத்தில் இன்றும் தொழுகை நடக்கும் பள்ளிவாசல்களில் மிகப் பழமையானது அது. 1446ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது என்கிறார்கள். கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய சிறு கட்டடம். நடுவே ஒரே தூண். அதன்மேல் நான்கு குவிமாடங்கள். நம் ஊர்ப் பழைய பள்ளிகளின் கல் தூண் வரிசைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஒற்றைத் தூண் வியப்பளித்தது. குடும்பத்தோடு அப்பக்கம் செல்வோர் அவசியம் பார்க்க வேண்டும்.

காயக்கைக் கண்டிராதவர்களுக்கு ஒரு சொல். நம் கட்டுமரத்தின் பிளாஸ்டிக் உறவினர் எனலாம். உட்காருவது உள்ளே அன்று, மேலே. ஏறிய நீர் அடித்துளைகள் வழியே தானே வடிந்துவிடும். துடுப்புக்கு இரு முனையிலும் தட்டு உண்டு. காக்காவுடையது ஒற்றை இருக்கை. எங்களுக்கு வாடகைக்கு எடுத்தது இரட்டை. மிதவைச் சட்டையின் வாரைத் தம் கையாலேயே இழுத்துப் பார்த்தார். ஊதல் ஒன்று கழுத்தில். கைபேசி நீர் புகாத உறையில். குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டர். மீன்பிடி அனுமதியும் அவர் பையில் இருந்தது.

பிறகு காற்றைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். இரவில் குளிர்ந்த ஹஜர் மலைகளிலிருந்து அதிகாலையில் கடலை நோக்கிக் காற்று இறங்கும். வெயில் ஏறியபின் அது திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். காலைக் காற்று நம்மைச் சிரமமின்றி வெளியே கொண்டுபோகும். அதனால் அதுவே ஆபத்தானது. “எளிதாகப் போகிறதே என்று மகிழாதீர்கள், தம்பிமாரே! திரும்புவதற்கு எவ்வளவு வலு வேண்டும் என்பதைப் போகும்போதே கணக்கிடுங்கள்” என்றார். கணக்கர் அல்லவா!

கரை ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில் நிறுத்தினோம். தொலைவில் எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டுக் கிடந்தன. கணவாய்த் துண்டைத் தூண்டிலில் கோத்துத் தங்கூசி நரம்பை அடிவரை இறக்கினோம். முதலில் ஏறியது காக்காவின் தூண்டிலில் ஓர் ஹமூர். நம்மூர்க் களவாய் இனம். அளந்தார், 38 செ.மீ. சட்டப்படி 45 இருக்க வேண்டும். களவாய்கள் பெண்ணாகவே வளர்ந்து, வயது ஏறியபின் சில ஆணாக மாறுபவை. சிறியதைப் பிடித்து உண்டால் முட்டையிடும் முன்பே ஒரு தாயை எடுத்துவிடுகிறோம். முதல் மீன் என்ற ஆசையைக் காட்டாமல் நீரில் விட்டார். பின்னர் இரண்டு விளைமீன் கிடைத்தன. இங்கே ஷேரி என்பர். மீனுக்கு அறுப்பு விதி இல்லை. ஆயினும் துடிக்க விடாமல் தலையில் ஒரே அடியில் முடித்துப் பனிக்கட்டிப் பையில் இட்டார். எங்கள் நரம்பில் பாசியைத் தவிர வேறேதும் ஏறவில்லை.

வெயில் சற்று ஏறியதும் அவர் குனிந்து கடல்நீரை அள்ளி உளூச் செய்தார். கடலில் செல்வோம், கொஞ்சமே நீர் கொண்டுபோவோம், அதில் உளூச் செய்தால் தாகத்துக்கு என்ன செய்வது என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தி அபூஹுரைரா (ரலி) வழியே வந்துள்ளது. கடல்நீர் தூய்மையாக்கும் என்றதோடு, அதில் இறந்ததும் ஹலால் என்று கேளாத கேள்விக்கும் விடை தந்தார்கள். மத்ரஸாவில் படித்தபோது அது ஒரு சட்டம். மூன்று லிட்டர்ப் புட்டியைக் காலிடுக்கில் வைத்து உப்புக் காற்றில் உதடு காய்ந்தபோதுதான் அந்தக் கேள்வியாளரின் நாவறட்சி எங்களுக்கு விளங்கியது. அங்கிருந்து கிப்லா மேற்கே, மலைகளின் பக்கம். காக்கா கரையை நோக்கிக் காயக்கைத் திருப்பி, அமர்ந்தபடியே ளுஹா தொழுதார். அதுவரை அது அலையில் திரும்பாதிருக்க எங்கள் துடுப்பால் தாங்கிக்கொண்டோம்.

தொழுதபின் அவர் மீன் பிடிக்கவில்லை, பேசினார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. “23 ஆண்டுகளில் வீட்டில் இருந்தது முழுதாக இரண்டு ஆண்டு இல்லை. மூத்தவள் நிக்காஹ்வுக்குப் போனேன், இளையவன் பிறந்தபோது போகவில்லை. இப்போது அவன் வாசலில் நின்று, வாங்க வாப்பா என்று விருந்தாளியை அழைப்பதுபோல் அழைக்கிறான். இந்தக் கடல் எனக்குப் பயமில்லை. அந்த வாசல்தான்.” நாங்கள் என்ன சொல்வோம்? எங்கள் பிள்ளைகளும் கைபேசித் திரையில்தான் வளர்கிறார்கள்.

அவ்வேளையில்தான் அவர் கோல் வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. அவர் ஓட விட்டார், நின்றபோது சுருட்டினார், மறுபடி ஓடியது. சிறிது நேரத்தில் மீன் காயக்கையே கிழக்கே இழுக்கத் தொடங்கியது. மலைக்காற்று இன்னும் திரும்பவில்லை. மீனும் காற்றும் ஒரே பக்கம் இழுக்க, எங்களுக்கும் அவருக்கும் இடையே நீர் விரிந்துகொண்டே போனது. ஊதலை ஊதியபடி மூச்சிரைக்கத் துடுப்புப் போட்டோம். அவர் எங்களை ஒருமுறை, கரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இடுப்புக் கத்தியை எடுத்து நரம்பை அறுத்தார்.

அருகில் சென்றதும், “என்ன மீன் காக்கா?” என்றோம்.

“தெரியாது. பார்ப்பதற்கு இன்னும் ஒரு மைல் போக வேண்டும். பிறகு உங்களை யார் கரை சேர்ப்பது?”

குரலில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. ஆறு ஆண்டில் அவர் தூண்டிலில் அவ்வளவு பெரிதாக எதுவும் சிக்கியதில்லையாம். எதிர்காற்றில் துடுப்புப் போட்டு ளுஹருக்குச் சற்று முன் மணலில் கால் வைத்தோம். எங்கள் உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. அல்ஹம்துலில்லாஹ், மூவரும் நலம்.

அன்றிரவு அறையில் ஆணம் காய்ச்சினோம். எஞ்சிய கணவாயையும் பொரித்தோம். ஆம்பூர் நண்பர் ஹனஃபி என்பதால் அதைத் தொடவில்லை, விளைமீனில் தம் பங்குக்கு மேலேயே கணக்குத் தீர்த்தார். மீன் ஆய்ந்துகொண்டிருந்த காக்காவைக் காணொலியில் பார்த்த அவர் மனைவி, செதிலை வாலிலிருந்து தலைப்பக்கம் சுரண்டச் சொல்லிக் கடிந்தார். பின்னால் நின்ற இளையவன் முகத்தை முன்னே நீட்டி, “இது நீங்களே பிடித்ததா வாப்பா? ஊருக்கு வந்தால் எனக்கும் சொல்லித் தருவீர்களா?” என்றான்.

காக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றான்.

“அப்படியானால் முதலில் அதைத்தான் தொடங்க வேண்டும்” என்றார்.