புறங்கையும் தெர்மாமீட்டரும்

தில்லியில் மழை ஓய்ந்து செப்டம்பர் பிறந்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் காலம். டெங்கு, டைபாய்டு, பெயர் தெரியாத வைரல் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வீட்டுக்குள் நுழையும். கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையின் நீண்ட வரிசையானாலும் சரி, மயூர் விஹாரில் மாலை வேளை மட்டும் திறக்கும் ஒற்றை அறை கிளினிக்கானாலும் சரி, டாக்டர் முதலில் கேட்பது "கித்னா புகார் தா?" என்றுதான். எவ்வளவு காய்ச்சல் இருந்தது? ஒருத்தி "நூத்தி ரெண்டு" என்பாள். இன்னொருத்தி போனைத் திறந்து, இரவு முழுக்கக் குறித்து வைத்ததைக் காட்டுவாள். வேறொருத்தி, "தொட்டா தோசைக்கல் மாதிரி கொதிச்சுது டாக்டர்" என்பாள். அந்த மூன்றாவது பெண்ணைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அவள் பக்கம்தான் பேச வந்திருக்கிறேன்.

தெர்மாமீட்டர் வைத்திருக்கும் தாயும் அதைத் தேடி எடுப்பதற்கு முன் கையை வைத்துத்தான் பார்க்கிறாள். நம் வீடுகளில் அதற்கு ஒரு முறையே இருக்கிறது. முதலில் நெற்றியில் புறங்கை. பாத்திரம் துலக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையை விடப் புறங்கைத் தோல் மெல்லியது. அப்புறம் கழுத்தடி. பிறகு சட்டைக்குள் கையை விட்டு வயிறு. கடைசியாகப் பாதம். "வயிறு கணகணன்னு இருக்கு, கால் ஜில்லுன்னு இருக்கே" என்று மாமியார் சொன்னால், அதில் மருத்துவம் இருக்கிறது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும்போது தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சுருங்கும். கைகால் குளிர்ந்துவிடும், நடுவுடம்பு மட்டும் சுடும். கையைப் பிடித்துப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்கிறவர் ஏமாறுகிற நேரம் அது. "உள் காய்ச்சல்" என்று நம்மவர்களும், "அந்தர் கா புகார்" என்று இங்குள்ளவர்களும் சொல்வதை டாக்டர்கள் ஏற்பதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பகுதி இந்த ஏறுமுகக் காய்ச்சலைக் கண்டு பிறந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பல நாடுகளில் தாய்மாரின் கைக்கணிப்பைத் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். "காய்ச்சல் இல்லை" என்று கை சொல்வதை நம்பும் அளவுக்கு, "இருக்கிறது" என்று சொல்வதை நம்ப முடிவதில்லை. கவலை கொஞ்சம் சூட்டைக் கூட்டிக் காட்டும். தவிர, நூறா நூற்று மூன்றா என்று கைக்குத் தெரியாது. டெங்குவில் நான்காம் நாள் ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்குகிற வேளைதான் ஆபத்தான வேளை என்பதால், எந்த நாள் எவ்வளவு இருந்தது என்பது டாக்டருக்கு வேண்டும். அங்கே கருவி இல்லாமல் முடியாது.

ஆனால் பச்சைக் குழந்தை விஷயத்தில் இந்தக் கையைத் தில்லியே பாடமாக்கியிருக்கிறது. எய்ம்ஸில் டாக்டர் மெஹர்பான் சிங்கும் அவரோடு வேலை செய்தவர்களும், பிறந்த குழந்தையின் உடல் சூட்டைத் தொட்டே கணிக்க முடியுமா என்று ஆராய்ந்து 1992-இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை சரியாக இருக்கிறது. வயிறு வெதுவெதுப்பாக இருந்து பாதம் குளிர்ந்திருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் ஆபத்து. செவிலியர்களுக்கும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கும் இன்றும் சொல்லித் தரும் பாடம் இது. ஜனவரியில் ஹீட்டர் இல்லாத ஒற்றை அறையில், ரஜாய்க்குள் மகனையோ மகளையோ அணைத்துக்கொண்டு படுத்திருப்பவளுக்கு இந்தப் பாடம் போதும். காய்ச்சலை விடக் குளிர்தான் அங்கே முதல் எதிரி. பாதம் சில்லிட்டால் குழந்தையை மார்போடு, தோலோடு தோலாக ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சேர்ந்த பாடம்.

கருவிக்கு வந்தால், நம் தாய்மார்கள் கேட்காமலே தேர்ந்தெடுக்கும் இடம் கக்கம். அமெரிக்காவில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான அளவு என்கிறார்கள். உடலின் உள்சூட்டுக்கு அது நெருக்கமானது என்பது உண்மை. இங்கே அதைக் கேட்டாலே தாயின் முகம் சுருங்கும். பிள்ளைக்கு வலிக்குமே, எங்காவது குத்திவிடுமே என்ற பயம். அந்தப் பயத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதலே, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழக்கமாக அந்த வழியில் பார்க்கக் கூடாது, வாயிலும் வைக்கக் கூடாது என்கிறது. நம் நாட்டில் அரசு பின்பற்றும் குழந்தை நோய்ப் பராமரிப்பு முறையும் கக்கத்தைத்தான் ஏற்கிறது. அங்கே 37.5 டிகிரி, அதாவது 99.5 ஃபாரன்ஹீட் தொட்டால் காய்ச்சல். மனிதச் சூட்டின் கணக்கை உலகுக்குத் தந்த ஜெர்மன் டாக்டர் வுண்டர்லிஷ் 1868-இல் புத்தகம் போடுவதற்கு முன் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் அளந்தது பெரும்பாலும் கக்கத்தில்தான். அவருடைய தெர்மாமீட்டர் ஓரடி நீளம். கால் மணிக்கும் மேல் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலேய டாக்டர் ஆல்பட் 1866 வாக்கில் அதை ஆறு அங்குலமாக்கி ஐந்து நிமிடத்துக்குக் குறைத்ததால்தான் அது வீட்டுக்கு வர முடிந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு நடப்பதைப் பாருங்கள். விளக்கைப் போட்டால் பிள்ளை விழித்துக்கொள்ளும். பால் குடித்துக்கொண்டே அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, வேர்வையைத் துணியால் ஒற்றி எடுத்து, கருவியின் நுனியைக் கக்கத்தின் குழிக்குள் வைத்து, அந்தச் சின்னக் கையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள் தாய். பீப் சத்தம் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள். குழந்தை ஒரு மிடறு கூட நிறுத்தாமல் குடித்திருக்கும். இந்த வழியை விட்டுவிட்டு இன்னொன்றை அவள் ஏன் விரும்ப வேண்டும்?

பாதரசத் தெர்மாமீட்டர் மேல் பாட்டிமார்களுக்கு இன்னும் மதிப்புண்டு. அலிகாரில் செய்த ஹிக்ஸ் ஒன்று பீரோவில் இல்லாத வீடு ஒரு காலத்தில் குறைவு. உதறி, பாதரசத்தை இறக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கத் தெரிய வேண்டும். உடைந்தால் வெள்ளி மணிகளைப் பிள்ளைகள் உருட்டி விளையாடுவார்கள். அதன் ஆவி நஞ்சு. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உருவான மினமாட்டா ஒப்பந்தம் இந்தத் தெர்மாமீட்டரையும் விலக்க வேண்டிய பொருட்களில் சேர்த்தது. 2018-இல் இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியது. பழைய தெர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டும். ஆனாலும் பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்றே சொல்வேன்.

நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கியைக் கொரோனா பிரபலமாக்கியது. 2020 செப்டம்பரில் தில்லி மெட்ரோ மறுபடி ஓடத் தொடங்கியபோது, நுழைவாயில் தோறும் அதுதான் வரவேற்றது. தொடாமல், அழவிடாமல் பார்க்கலாம் என்று இளம் தாய்மார்களுக்கு அதன் மேல் ஆசை. ஆனால் அது அளப்பது தோலின் சூட்டை. டிசம்பர் காற்றிலிருந்து உள்ளே வந்த பிள்ளையின் நெற்றி குறைத்துக் காட்டும். மே மாத வெயிலிலிருந்து வந்தால் கூட்டிக் காட்டும். வீட்டுக்குள் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. சந்தேகம் வந்தால் கக்கத்திலும் ஒருமுறை.

இன்னொரு பழக்கம் நிறைய பேரிடம் உண்டு. "கக்கத்துல வெச்சா ஒண்ணு கூட்டிக்கணும்" என்பார்கள். 101 காட்டினால் 102 என்று டாக்டரிடம் சொல்வார்கள். அவரும் தன் பங்குக்கு ஒன்று கூட்டினால் கணக்கு எங்கே போய் நிற்கும்? கக்கத்துக்கென்றே தனி வரம்பு இருப்பதால் கூட்ட வேண்டியதே இல்லை. கருவி காட்டியதை அப்படியே சொல்லி, எங்கே வைத்தது, பாராசிட்டமால் கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் சொன்னால் போதும். டாக்டர்களும் "எவ்வளவு" என்பதோடு "எப்படிப் பார்த்தாய் அம்மா" என்று கேட்கலாம். கையால் பார்த்தேன் என்றால், எங்கே தொட்டாய் என்று அடுத்த கேள்வி வரட்டும்.

பிரசவம் முடிந்து தடுப்பூசி அட்டையோடு அனுப்பும்போது, அரசு மருத்துவமனை ஒவ்வொரு தாய்க்கும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, அவள் குழந்தையின் கக்கத்திலேயே அவளை வைக்கச் சொல்லிப் பழக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆஷா பணியாளரின் பையில் ஒன்று இருக்கிறது. ஆனால் அவர் வீட்டுக்கு வருவது குறித்த நாட்களில்தான். காய்ச்சல் நாள் பார்த்து வருவதில்லை. கொடுக்கும் கருவி ஃபாரன்ஹீட்டில் காட்டட்டும். நம் வீடுகளில் காய்ச்சல் நூறு, நூற்றி ஒன்று என்றுதான் பேசப்படுகிறது. பொத்தான் தவறி அழுந்தி செல்சியஸுக்கு மாறிவிட்டால், 39 என்று காட்டும் திரையைப் பார்த்து, நூறுகூட வரவில்லையே என்று நிம்மதியாகப் படுத்துவிடுகிற தாய் உண்டு.