எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முன் மனநல டாக்டர் எதற்கு? மறைக்காமல் சொல்ல வேண்டியவை!

"வயித்துலதானே ஆபரேஷன்... அதுக்கு எதுக்கு மனநல டாக்டர்? எனக்கென்ன பைத்தியமா?"

பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் பலருக்கும், பரிசோதனைப் பட்டியலில் 'மனநல மதிப்பீடு' என்ற வரியைப் பார்த்ததும் எழும் கேள்வி இது. ரத்தப் பரிசோதனைக்கும் இ.சி.ஜி-க்கும் தயங்காதவர்கள் இந்த ஒரு வரியில் நின்றுவிடுகிறார்கள். அடுத்து வரும் கேள்விதான் இன்னும் கவலைக்குரியது: "என்ன பதில் சொன்னா ஓ.கே பண்ணுவாங்க?"

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில், வீட்டிலேயே தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறார். கோர்வைப் புடவை என்றால் ஓரத்து நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் மனைவிதான். வயது 38. உயரம் 157 செ.மீ, எடை 95 கிலோ. பி.எம்.ஐ கணக்குப்படி சுமார் 38.5. சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, மூட்டு வலி, படுத்தால் மூச்சுத் திணறுகிறது.

மாமியார் சொல்வது ஒன்றுதான். "வாயைக் கட்டினா போதாதாம்மா... வயித்தை ஏன் வெட்டணும்?"

வாயைக் கட்டாமல் இல்லை அவர். கொள்ளுக் கஞ்சி, பேலியோ, நடைப்பயிற்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. குறைந்த எடை திரும்பி வந்தது. இவர் தனி ஆளும் இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள்.

அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்து, இன்றுவரை மாத்திரை சாப்பிடுகிறார். மாமியாருக்குத் தெரியாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது அந்த மாத்திரை அட்டை. இன்னொன்று, தறிச் சத்தம் ஓய்ந்து எல்லோரும் தூங்கிய பிறகு, பசியே இல்லாமல் அடுக்களையில் நின்றபடி சாப்பிடுவது.

இந்த இரண்டையும் டாக்டரிடம் சொல்வதா, மறைப்பதா? மதிப்பீட்டுக்குத் தயாராவதில் உண்மையான கேள்வி இதுதான்.

இது பரீட்சை அல்ல

இப்போது அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறிதாக்கி, உணவு செல்லும் பாதையையும் மாற்றுகிறார்கள். எதுவானாலும், அதன் பிறகு முதல் சில வாரங்களுக்குத் திரவ உணவுதான். பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக, மென்று, புரதத்துக்கு முதலிடம் கொடுத்துச் சாப்பிட வேண்டும். வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. இதையெல்லாம் ஒருவரால் தொடர முடியுமா, அதற்கு என்ன உதவி தேவை என்று பார்ப்பதுதான் மனநல மதிப்பீடு.

இந்த யோசனை புதிதல்ல. 1991ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையிலேயே, அறுவை சிகிச்சை நிபுணரோடு மனநல நிபுணரும், உணவியல் நிபுணரும் சேர்ந்து நோயாளியை மதிப்பிட வேண்டும் என்று சொல்லப்பட்டது.

அந்த அறையில் என்ன கேட்பார்கள்? எடை எப்போது ஏறியது, என்னென்ன டயட் முயன்றீர்கள், பசிக்காகச் சாப்பிடுகிறீர்களா, வருத்தத்துக்காகவா, ஒரேயடியாக நிறைய சாப்பிட்டுப் பிறகு குற்ற உணர்ச்சி வருகிறதா, குடி, சிகரெட், புகையிலை உண்டா, முன்பு மனநலச் சிகிச்சை எடுத்தீர்களா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா, வீட்டில் யார் சமைக்கிறார்கள்... கேள்வித்தாள்களும் தரலாம். அவற்றில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒன்று, கடந்த இரண்டு வாரங்களில் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்கும்.

மறைத்தால் என்ன ஆகும்?

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதாலேயே அறுவை சிகிச்சையை மறுத்துவிட மாட்டார்கள். நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால், மறைத்தால் சிக்கல் உண்டு. இரைப்பை மாறிய பிறகு சில மாத்திரைகள், குறிப்பாக மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள், முன்பு போல உடலில் சேராமல் போகலாம். மாத்திரை விஷயமே டாக்டருக்குத் தெரியாவிட்டால், அளவை யார் சரிசெய்வார்கள்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட 8,815 பேரைப் பற்றிய ஆய்வு 2016ல் வெளியானது. சிகிச்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு ஒப்பிட்டால், பிந்தைய மூன்று ஆண்டுகளில் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள் சுமார் 50 சதவிகிதம் கூடியிருந்தன. அப்படி வந்தவர்கள் மொத்தம் 111 பேர்தான். பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே மனநலப் பிரச்னை இருந்தது. சிகிச்சை வேண்டாம் என்று பயந்து ஒதுங்குவதற்கான கணக்கு அல்ல இது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கான கணக்கு.

குடிப்பழக்கமும் அப்படித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. 'எப்பவாவது விசேஷத்துக்கு மட்டும்' என்று சுருக்கிச் சொல்லும் ஆண்கள், தங்களைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

காஞ்சித் தெருக்களில் பாவு நீட்டும்போது, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோடுவார்கள். தறி ஏறிய பிறகு அதையே சரிசெய்வது பெரிய வேலை. டாக்டரின் கேள்விகளும் அப்படி முன்கூட்டியே தேடுவதுதான்.

எப்படித் தயாராவது?

* இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, அப்போது பசியா, கோபமா, அலுப்பா என்று மூன்று விஷயங்கள் போதும். ராத்திரிச் சாப்பாட்டையும் விடாமல் எழுதுங்கள்.
* எடை ஏறிய வரலாறு: திருமணத்தின்போது எவ்வளவு, ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் எவ்வளவு, எந்த டயட்டில் குறைந்தது, எப்போது திரும்ப ஏறியது.
* எல்லா மருந்துச் சீட்டுகளும் மாத்திரை அட்டைகளும் கையோடு வரட்டும். மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* வீட்டார் முன்னால் பேச முடியாதா? "கொஞ்ச நேரம் தனியா பேசணும்" என்று கேளுங்கள். மனநலத் தகவல்களை ரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையை 2017ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது.
* எதிர்பார்ப்பை நேர்மையாகச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுப்படலாம், மூட்டு வலி குறையலாம். ஆனால், எடை குறைவதாலேயே கடனும் மாமியார் மருமகள் மனத்தாங்கலும் தீர்ந்துவிடாது.
* குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதையும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள்வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

வீடும் தயாராக வேண்டும்

ஓரிக்கை என்ற பெயருக்கு 'ஓர் இரவு இருக்கை' என்று ஊரில் காரணம் சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரும் சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுக் கிளம்ப, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே வந்து ஓர் இரவு தங்கிய இடம் என்பது கதை. தன்னை நம்பியவரோடு பெருமாளே கிளம்பி வந்ததாகச் சொல்லும் ஊர் இது. ஆபரேஷன் மேஜைக்குப் போகிறவருக்கும் கூட வரும் ஆள் தேவை.

அந்தத் துணை ஆஸ்பத்திரி வாசலோடு முடிவதில்லை. வரதர் கோயில் இட்லியை நீட்டி, "பிரசாதம்மா, ஒரு வாய்தானே" என்று உறவினர்கள் வற்புறுத்தும்போது, "அவங்களுக்கு இப்ப வேண்டாம்" என்று சொல்ல வீட்டில் ஒரு குரல் வேண்டும். முதல் சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது. கோர்வைக்கு யார் உட்காருவது என்றும் கணவர் முன்பே யோசிக்க வேண்டும். அதனால், முடிந்தால் அவரும் ஒருமுறை அந்த அறைக்குள் வரட்டும்.

முடிவு மூன்று விதமாக வரலாம். செய்யலாம், இன்ன உதவியோடு செய்யலாம், சில மாதம் தள்ளிவைக்கலாம். மனச்சோர்வு கடுமையாக இருந்தாலோ, குடி கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, முதலில் அதற்குச் சிகிச்சை என்பார்கள். தள்ளிவைப்பதைத் தோல்வியாக நினைத்து, கேள்வியே கேட்காத வேறு இடத்தைத் தேடிப் போகாதீர்கள்.

தேதி வரும்வரை காத்திருக்க முடியாத அளவுக்கு மனம் கனக்கிறதா? மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416. எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்த விஷயத்தையும் அவர்களிடம் சொல்லலாம்.