கம்ப்யூட்டர் சூடாகிறதா? முதலில் டிகிரியைக் கேளுங்கள்



வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோனால், உடனே "பிராசசர் போச்சு" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் அது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. சூட்டை அளக்கும் சென்சார் அதற்குள்ளேயே இருக்கிறது. பல இன்டெல் பிராசசர்களில் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் வேகம் குறையும். அதற்கு மேலும் ஏறினால், எரிந்துபோகாமல் இருக்க கம்ப்யூட்டரே நின்றுவிடும்.

என்னிடம் படித்த பெண் ஒருவர் எங்கள் தெருவில் ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னக் கடை நடத்துகிறார். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான். அரசு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிய வாரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் நின்றுபோனது. பாதி நிரப்பிய விண்ணப்பத்தோடு பிள்ளைகள் வாசலில் காத்து நின்றார்கள். பார்க்க வந்தவர், "போர்டு, பிராசசர் ரெண்டும் மாத்தணும், பதினாறாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வளையலை அடகு வைக்கலாம்னு இருக்கேன் சார்" என்றார் அந்தப் பெண்.

"ஒரு நாள் பொறும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். கம்ப்யூட்டருக்கென்று தனியாகப் படித்ததில்லை. ஆனால் வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம் பாடங்களைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பிராசசரின் சூடு முதலில் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகடுகளுக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஃபேன் காற்று அதை வெளியே தள்ள வேண்டும். இந்த இரண்டு வழியில் எது அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

ஆன் செய்தவுடன் டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போனோம். அங்கே சூடும் ஃபேன் வேகமும் எண்ணாகவே தெரியும். ஃபேன் நன்றாகச் சுற்றியது. ஆனால் எந்த வேலையும் கொடுக்காமலேயே இரண்டு நிமிடத்தில் 90 டிகிரியைத் தாண்டியது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் வெதுவெதுப்புதான்! பிராசசர் கொதிக்கிறது, மேலே இருக்கும் உலோகத்துக்குச் சூடு வந்து சேரவில்லை. முதல் வழியில்தான் அடைப்பு.

கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஹீட் சிங்க்கைப் போர்டோடு பிடித்திருக்கும் நான்கு பின்களில் ஒன்று வெளியே வந்திருந்தது. கடையை இடம் மாற்றியபோது ஆட்டம் கண்டிருக்கும். நடுவில் இருந்த தெர்மல் பேஸ்ட்டும் சுண்ணாம்புப் பொருக்குபோலக் காய்ந்திருந்தது.

இந்த பேஸ்ட் எதற்கு? இரண்டு உலோகப் பரப்பும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அந்த இடுக்கில் காற்று தங்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்த இடத்தை நிரப்பத்தான் பேஸ்ட். அதற்காக அப்பவும் கூடாது, பட்டாணி அளவு போதும்.

பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதிதாக வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்தினோம். நான்கும் 'டக்' என்று உட்கார்ந்தன. தகடுகளில் அடைந்திருந்த காகிதத் தூசியையும் பிரஷ்ஷால் எடுத்தோம். அப்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுபடி ஆன் செய்தால் 44 டிகிரியில் நின்றது. பேஸ்ட் 150 ரூபாய். அன்று மாலையே விண்ணப்பங்கள் போயின. வளையல் கையிலேயே இருக்கிறது.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இதே காரணம் இருக்காது. ஃபேன் நின்றிருக்கலாம், சுவரை ஒட்டி வைத்ததால் காற்றே போகாமல் இருக்கலாம், உண்மையிலேயே போர்டு பழுதாகியும் இருக்கலாம். நீங்களே கழற்றத் தயங்கினால் தெரிந்தவரிடம் கொடுங்கள், தவறில்லை. ஆனால் புதுசு வாங்கச் சொன்னால், பணத்தை எடுக்கும் முன் கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: "பயாஸில் எத்தனை டிகிரி காட்டுது? பேஸ்ட் மாத்திப் பார்த்தீங்களா?"