சைக்கிள் டைனமோவும் மகனின் கிற்றாரும்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பின்னேரம். தையல் வேலையை முடித்து எழுந்தபோது, மகன் ஒரு சிறிய உலோகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

நாங்கள் இருப்பது களனி கங்கைக்குச் சற்றுத் தெற்கே, கொட்டாஞ்சேனையில். மகன் வெள்ளவத்தையில் நண்பர்களுடன் கிற்றார் பழகுகிறான். அந்தப் பெட்டி ஒரு நண்பனிடம் இரவல் வாங்கியது. கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே இணைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றுவார்கள். பெடல் என்று சொல்வார்கள். முதல் நாள் அதன் கரகர ஒலியைக் கேட்டு, "இது பழுதான சாமான்தானே தம்பி?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். 1961இல் வெளியான ஒரு அமெரிக்கப் பாட்டில், ஒலிப்பதிவுக் கருவி பழுதானதால் வந்த சத்தம் பலருக்குப் பிடித்துப்போனதாம். அடுத்த ஆண்டே கிப்சன் நிறுவனம் அதே சத்தத்தைத் தரும் பெடலை விற்கத் தொடங்கியதாம்.

இப்போது அது உண்மையாகவே பழுதாகிவிட்டது. பழைய இணைய ரவுட்டரின் அடப்டரை மகன் அதில் செருகியிருக்கிறான். புதிதாக வாங்கிக் கொடுக்க எனது ஒரு மாதத் தையல் கூலி போதாது. அதைவிட, நண்பர்கள் மத்தியில் அவன் தலை குனிந்து நிற்பதை நினைக்கவே கஷ்டமாக இருந்தது.

திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இது சரிவராது. வீட்டில ஆம்பிளையள் இருந்தால் வரச் சொல்லுங்கோ" என்றார் அங்கிருந்தவர். பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

அன்றிரவு நானே அதைத் திறந்தேன்.

"நீங்கள் தொட வேண்டாம் அம்மா. இன்னும் பழுதாப் போயிடும்" என்றான் மகன்.

உள்ளே கண்ணில் பட்ட ஒரு பொருள் எனக்குப் பழக்கமானது. அரிசியளவு கறுப்பு உருளை, ஒரு முனையில் வெள்ளைக் கோடு. டயோட்!

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் வானொலி கேட்டோம். டைனமோவில் வருவது திசை மாறி மாறி ஓடும் மின். வானொலிக்கு ஒரே திசையில் ஓடும் மின் வேண்டும். அதற்காக அண்ணா நான்கு டயோட்டுகளைப் பொருத்தினார். சுற்றுவது என் வேலை. பார்த்துப் பார்த்து மற்றதையும் பழகிக்கொண்டேன். தமிழோசைச் செய்திக்காக அயலவர்கள் முற்றத்தில் காத்திருப்பார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்த வானொலியை விட்டுவிட்டு வந்தோம். அண்ணாவையும் பின்னர் இழந்தோம்.

முதலில் வயரை மாற்றிப் பார்த்தேன். பழுது அதில் இல்லை. புதிய 9 வோல்ட் பற்றரியைப் போட்டதும் அது சூடாகத் தொடங்கியது. உடனே கழற்றினேன். அப்படியென்றால் உள்ளே எங்கோ மின் குறுக்கு வழியில் ஓடுகிறது.

அடப்டரை எடுத்துப் பார்த்தேன். 12 வோல்ட், 2 அம்பியர். முனையின் நடுப்பகுதி நேர். பெடலுக்கு வேண்டியதோ 9 வோல்ட். நடுப்பகுதி எதிராக இருக்க வேண்டும். மின் தலைகீழாகப் போயிருக்கிறது. அந்த டயோட் அங்கே காவலுக்கு இருப்பது. மின் சரியாக வந்தால் சும்மா இருக்கும். தலைகீழாக வந்தால் அதைத் தன் வழியே விட்டு, மற்றப் பாகங்களைக் காக்கும். அளவுக்கு மிஞ்சினால் தான் கருகிவிடும்.

அயலில் மின்வேலை செய்பவரிடம் மல்டிமீற்றரும் ஈயம் ஒட்டும் கருவியும் இரவல் வாங்கினேன். டயோட்டின் ஒரு காலைக் கழற்றி அளந்தேன். நல்ல டயோட் ஒரு திசையில்தான் மின்னை விடும். இது இரண்டு திசையிலும் விட்டது. திங்கட்கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதே இலக்கமுள்ள ஒன்றை வாங்கினேன். ஒரு தேநீரின் விலைகூட இல்லை. வெள்ளைக் கோடு முன்பிருந்த பக்கமே வரும்படி வைத்து ஒட்டினேன். கை நடுங்கியது. பற்றரியைப் போட்டேன்; சூடாகவில்லை. மகன் மிதித்தான். அதே கரகரப்பு!

"அம்மா, இதை எங்க படிச்சனீங்கள்?" என்று கேட்டான். அன்றுதான் அண்ணாவைப் பற்றி அவனிடம் முழுமையாகச் சொன்னேன். மகன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பின்னர் ஒரு செய்தி அறிந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது, அதே கிப்சன் நிறுவனத்தின் கலமசூ தொழிற்சாலையில் கிற்றார் செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களாம். ஆண்கள் போருக்குப் போயிருந்தார்கள். போர்க்காலத்தில் பெண்கள் பழகிய தொழில்கள் எமது நாட்டிலும் எத்தனையோ!

சகோதரிகளே, 9 வோல்ட் பற்றரியில் இயங்கும் பொருட்களைத் திறக்கப் பயப்பட வேண்டாம். ஆனால் சுவர் மின்சாரத்தில் இயங்கும் ஒலிபெருக்கியைப் பழகாதவர்கள் திறக்கக் கூடாது. இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள் மின் தங்கியிருக்கலாம். ஈயம் ஒட்டும்போது யன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் கையைக் கழுவுங்கள். எந்த அடப்டரையும் செருகுமுன் வோல்ட்டையும் நேர், எதிர் அடையாளத்தையும் பாருங்கள்.

இப்போது அயல் வீடுகளிலிருந்து ரோச் லைட், சிறிய வானொலி என்று என்னிடம் வருகின்றன. தையல் மேசையின் ஒரு மூலையை அதற்கென ஒதுக்கியிருக்கிறேன்.